அரியலூரில் விழுந்த 188 புள்ளிகள்

2020 மே 6 அன்று மாலை தமிழக சுகாதாரத் துறை வெளியிட்ட தினசரி அறிக்கையில் புதிய கொரோனா தொற்றாளர்கள் 771 பேர். அதில் சென்னை 324. இரண்டாம் இடத்தில் கோவையோ மதுரையோ இல்லை. அரியலூர், 188.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரிக் காடுகளும் கொள்ளிடக் கரை வயல்களும் கொண்ட சிறிய மாவட்டம் அது. அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என ஆறே ஒன்றியங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். அன்றைய ஒரே நாளில் சென்னையில் லட்சம் பேருக்கு 7 தொற்று. அரியலூரில் லட்சம் பேருக்கு 25.

இந்த அட்டவணையை ஒரு கணினி நிரலிடம் கொடுத்து வரைபடம் போடச் சொன்னால், அது தன் வேலையைப் பிழையின்றிச் செய்யும். சென்னையை இளஞ்சிவப்பாகவும் அரியலூரை அடர் சிவப்பாகவும் தீட்டும். வெறும் எண்ணிக்கையை வைத்து வரையாதே, மக்கள்தொகையால் வகுத்துவிட்டு வரை என்பது பொது சுகாதாரத்தின் பாலபாடம். அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த பிறகு வரைபடம் நமக்குச் சொல்வது இதுதான்: தமிழ்நாட்டில் நோய் மிக வேகமாகப் பரவும் இடம் அரியலூர்.

உண்மையில் நோய் பரவிய இடம் சென்னையின் கோயம்பேடு. அரியலூரிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அந்த மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கியும் கடைகளில் வேலை பார்த்தும் பிழைத்த நூற்றுக்கணக்கானவர்கள் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரர்கள். சந்தையில் தொற்று தெரியவந்ததும், மே 5-இல் சந்தை மூடப்பட்டதும், கிடைத்த லாரிகளில் ஏறி ஊருக்கு வந்தார்கள். வந்தவர்களை மாவட்ட நிர்வாகம் தேடிப் பிடித்துத் தனியே தங்க வைத்துச் சளி மாதிரி எடுத்தது. முடிவுகள் கொத்தாக வந்தன. இரண்டு நாள் முன்பு, மே 4-இல், கடலூரில் 122 பேர் என்று வந்ததும் இதே கதைதான். ஆக, 188 என்ற எண்ணில் இரண்டு செய்திகள் கலந்திருந்தன. ஒன்று, கோயம்பேட்டில் எவ்வளவு பேருக்கு ஒட்டியது என்பது. மற்றொன்று, அரியலூர்க்காரர்கள் எவ்வளவு முனைந்து தேடினார்கள் என்பது. அரியலூருக்குள் நோய் எவ்வளவு பரவுகிறது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதிலே இல்லை.

அன்று முடிவெடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. காரணம், அவர்கள் வரைபடத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார், எந்த வண்டியில் வந்தார் என்று விசாரித்த பட்டியல் கையில் இருந்தது. விசாரணைப் பட்டியல் இல்லாமல் வரைபடம் மட்டும் தானாக ஓடியிருந்தால், செலவும் ஆட்களும் தவறான இடத்துக்குப் போயிருக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பட்டியலைப் பற்றியதுதான். உடல்நலத் தரவுகளைக் கணினி தானாக வரைபடமாக்கித் தருவது நம் காலத்தின் அருமையான வசதி. அதை நம்பி முடிவெடுக்க வேண்டுமென்றால், ஒரு புள்ளி எப்படி அங்கே வந்து விழுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நோயாளிக்குக் குறைந்தது மூன்று இடங்கள் உண்டு. நோய் ஒட்டிய இடம், வசிக்கும் இடம், பதிவு செய்யப்பட்ட இடம். வயிற்றுப்போக்கில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மலேரியாவில் நோய் ஒட்டிய இடம் வேலைக்குப் போன வெளிமாநிலமாக இருக்கலாம். வரைபடத்தில் பெரும்பாலும் விழுவதோ மூன்றாவது இடம். ஏனென்றால் கணினிக்கு எளிதில் கிடைப்பது அதுதான்.

*

நோய் வரைபடம் என்றதும் எல்லோரும் சொல்வது லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதை. 1854-இல் பிராட் தெருவில் காலரா, வரைபடத்தில் சாவுகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கதையின் வரிசை மட்டும் சற்று வேறு. கைப்பிடி செப்டம்பர் 8-இல் கழற்றப்பட்டது. புகழ்பெற்ற அந்த வரைபடம் அதற்குப் பிறகு வரையப்பட்டது. ஸ்னோ முதலில் கையில் எடுத்தது முகவரியோடு கூடிய இறப்புப் பதிவுகளை. அவற்றை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டார். பம்புக்குப் பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் ஐந்தே சாவுகள். அங்கே தனிக் கிணறு இருந்தது. அருகிலிருந்த மதுபான ஆலையின் தொழிலாளர் எவரும் சாகவில்லை. புள்ளி விழாத, அல்லது அரிதாகவே விழுந்த இந்த இடங்கள்தாம் அவர் வாதத்துக்கு வலு சேர்த்தன. புள்ளி விழாத இடத்தை விசாரிக்க எந்த நிரலுக்கும் இன்றுவரை தானாகத் தோன்றாது. நாம் சொன்னால்தான் செய்யும்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அது அதிகம் பேசப்படாதது எனக்கு எப்போதும் வருத்தம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1980-களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். கருவி, அஞ்சலட்டை. தட்டம்மை, இளம்பிள்ளைவாதம், மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களின் பெயர்கள் அச்சடித்த அட்டையை மருத்துவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு நோயாளி வந்தால் விவரத்தை நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும். நாதி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்த முறையின் விவரங்கள் 1998-இல் லான்செட் இதழில் வெளியாயின.

அந்த முறையில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. நம் மக்களில் பெரும்பங்கினர் காய்ச்சல் என்றால் முதலில் போவது தனியார் கிளினிக்குக்கு என்பதால் இது பெரிய விஷயம். இரண்டாவது, அட்டை அனுப்பியவர்களுக்கே மாதந்தோறும் ஒரு செய்தி மடல் திரும்பிப் போனது. மாவட்டத்தில் எந்த நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று அதில் இருக்கும். தகவல் மேலே போனதோடு நிற்காமல் திரும்பி வந்தது. அதனால் எழுதுபவருக்கு எழுதத் தோன்றியது. அஞ்சலட்டை போய் அலைபேசி வந்த பிறகும் இந்த இரண்டையும் நாம் முழுமையாகப் பிடிக்கவில்லை.

*

அலைபேசி வந்த கதை சிவகங்கை மாவட்டத்துக்கும் இலங்கையின் குருநாகல் மாவட்டத்துக்கும் சேர்ந்தது. 2008 முதல் 2010 வரை கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியில், கொழும்பின் லேர்ன்ஏசியா, சென்னை ஐஐடியின் கிராமத் தொழில்நுட்ப வளர்ப்பகம், இலங்கையின் சர்வோதயம், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தின. சிவகங்கையில் திருப்பத்தூர் வட்டாரத்தின் கிராம சுகாதார செவிலியர்களிடம் சாதாரண பட்டன் அலைபேசிகள் தரப்பட்டன. நோயாளியின் வயது, பாலினம், ஊர், அறிகுறிகள், என்ன நோயாக இருக்கலாம் என்ற கணிப்பு ஆகியவற்றை அதில் தட்டி அனுப்ப வேண்டும். பெயர் தேவையில்லை. மறுமுனையில் கார்னெகி மெலனின் நிரல் அவற்றை வாங்கி, வழக்கத்துக்கு மாறாக எங்காவது எண்ணிக்கை கூடுகிறதா என்று தேடும். கூடினால் சுகாதார அலுவலர்களுக்கு எச்சரிக்கை போகும்.

அதற்கு முன்பு இரு நாடுகளிலும் தாள் படிவங்கள் படிப்படியாக மேலே ஏறித் தொகுக்கப்பட்டு முடிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வைரஸ் காய்ச்சல் அதற்குள் ஊரைச் சுற்றி முடித்திருக்கும். ஆகவே அதே நாளில் தகவல் கிடைப்பது என்பது மாற்றம் மட்டுமல்ல, புரட்சி. ஆனால் காகிதப் பதிவேட்டை நிறுத்தும் அதிகாரம் ஒரு முன்னோட்டத் திட்டத்துக்குக் கிடையாது. செவிலியர் பதிவேட்டிலும் எழுத வேண்டும், சின்னஞ்சிறு விசைப்பலகையில் தட்டவும் வேண்டும். தட்டச்சுப் பிழைகள் வந்தன. ஒரே அறிகுறி பல எழுத்துக்கூட்டல்களில் வந்தால், நிரலுக்கு அவை எல்லாம் வேறு வேறு நோய்கள்.

இன்று இந்திய அரசின் முறையே அந்த வழிக்கு வந்துவிட்டது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். செவிலியர் அறிகுறியை எழுதுவது எஸ். மருத்துவர் தன் கணிப்பை எழுதுவது பி. ஆய்வகம் உறுதி செய்வது எல். வாரம் ஒருமுறை அனுப்பப்பட்ட இவை 2021 ஏப்ரலில் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்துக்கு மாறின. கண்காணிக்கப்படும் நோய்கள் 18-இலிருந்து 33 ஆயின. ஒவ்வொரு நோயாளியும் ஒரு தனிப் பதிவு. பதிவோடு இருப்பிடமும் சேரும். வரைபடம் தானே உருவாகும்.

அந்த வரைபடத்துக்குள் நிரல் எப்படித் தேடுகிறது என்பதைத் தா.பழூரை வைத்தே பார்க்கலாம். ஒன்றியத்தின் எல்லா ஊர்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபுரந்தானை மையமாக வைத்துச் சின்ன வட்டம் ஒன்று போடுங்கள். வட்டத்துக்குள் இந்த வாரம் எத்தனை காய்ச்சல், மக்கள்தொகையைப் பார்த்தால் எத்தனை இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பிடுங்கள். வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி ஒப்பிடுங்கள். பிறகு மையத்தைக் காரைக்குறிச்சிக்கு மாற்றுங்கள், மதனத்தூருக்கு மாற்றுங்கள், கோடாலிக்கருப்பூருக்கு மாற்றுங்கள். எந்த வட்டத்தில் மிகுதி அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, அதே எண்ணிக்கைக் காய்ச்சலை ஊர்களுக்குள் குருட்டாம்போக்கில் 999 தடவை தூவிப் பார்க்க வேண்டும். குருட்டாம்போக்கிலேயே இப்படி ஒரு குவியல் அடிக்கடி வருகிறது என்றால் நாம் கண்டது தற்செயல். அபூர்வமாகத்தான் வருகிறது என்றால் ஆளனுப்பிப் பார்ப்பது நல்லது. 1997-இல் மார்ட்டின் குல்டார்ஃப் வகுத்துக் கொடுத்த முறை இது. உலகெங்கும் சுகாதாரத் துறைகள் பயன்படுத்துகின்றன. கையால் போட்டால் ஒரு ஆயுள் போதாது. கணினிக்குச் சில நொடிகள்.

நொடியில் முடிகிறது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் 24 துணை சுகாதார நிலையங்கள், 15 அறிகுறிகள், 5 வயதுப் பிரிவுகள், இரு பாலினம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3,600 தொடர்கள். நூறில் ஒரு தடவைதான் தற்செயலாக இப்படி நடக்கும் என்ற அளவுக்கு ஒரு தொடர் விலகினால் மணி அடி என்று நிரலுக்குக் கட்டளை கொடுத்தால், ஊரில் எந்த நோயும் புதிதாகப் பரவாத நாளிலும் சராசரியாக 36 மணிகள் அடிக்கும். தினமும் அடிக்கும். இரண்டாவது வாரம் வட்டார மருத்துவ அலுவலர் அலைபேசியை எடுத்துப் பார்ப்பதை விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எச்சரிக்கையின் வாசலை உயர்த்தினால் பொய் மணிகள் குறையும். உண்மையான நோய்ப் பரவலைக் கண்டுபிடிக்கும் நாளும் தள்ளிப்போகும். எங்கே வாசலை வைப்பது என்பதைக் கணிதம் தீர்மானிக்காது. அந்த வட்டாரத்தில் விசாரிக்கப் போக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். இரண்டு சுகாதார ஆய்வாளர்களே இருக்கும் இடத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

*

கணினி ஊர்ப் பெயரை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது தனிக் கதை. மேலே சொன்ன திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தது. வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் ஒரு மாவட்டத் தலைநகர். பெயரை மட்டும் வைத்துப் புள்ளி குத்தும் நிரல், ஒரு ஊரின் நோயாளிகளைத் தமிழ்நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விடும். தா.பழூரை எடுத்துக்கொண்டால், ஆங்கிலப் பதிவேடுகளில் ழகரம் லகரமாகிறது, தா என்பது ஒற்றை எழுத்தாகிறது. அதே மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர். திருச்சி அருகே ஒரு பழூர். கடலூர் அருகே பாலூர். பிழை திருத்தும் நிரல் அக்கறையோடு திருத்தி, கொள்ளிடக் கரைக் காய்ச்சலைக் கடலூருக்கு அனுப்பும்.

மாவட்ட எல்லையின் கதை இன்னும் கடினம். தா.பழூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறப்பும் இறப்பும் காய்ச்சலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாவட்டங்களின் கோப்புகளில் சிதறின. அரியலூர் மாவட்டத்தின் இருபதாண்டுப் போக்கைக் காட்டு என்று கேட்டால், நிரல் 2002-இலிருந்து 2007 வரை ஒரு பள்ளத்தைக் காட்டும். அந்த ஆண்டுகளில் மக்கள் நோயின்றி இருந்தார்கள் என்று பொருளில்லை. இதற்குத் தீர்வு பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிராமத்துக்கும் மாறாத குறியீட்டு எண் கொடுப்பது. உள்ளாட்சி நிர்வாகக் கோவையில் இப்போது அப்படி எண்கள் இருக்கின்றன. பழைய பதிவுகளை அந்த எண்களோடு பொருத்துவது யாராவது உட்கார்ந்து கையால் செய்ய வேண்டிய வேலை. விருதுகள் கிடைக்காத, மிக முக்கியமான வேலை.

எல்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தா.பழூரின் தெற்கே கொள்ளிடம். அக்கரை தஞ்சாவூர் மாவட்டம். மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் இடையே பாலம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கும்பகோணம். இக்கரைக் குழந்தைக்குக் காய்ச்சல் கடுமையானால் அப்பா பைக்கைத் திருப்புவது எந்தப் பக்கம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் குழந்தையின் பதிவு தஞ்சாவூர்க் கணக்கில் ஏறினால், அரியலூர் வரைபடத்தில் ஆற்றங்கரை ஊர்கள் எப்போதும் ஆரோக்கியமாகவே தெரியும். கொசுவுக்கோ தண்ணீருக்கோ மாவட்டம் தெரியாது. கொள்ளிடக் கரைக்கு வரைபடம் போட வேண்டுமானால் இரு கரைகளையும் ஒரே தாளில் போட வேண்டும். அதற்கு இரண்டு மாவட்டங்களின் சுகாதார அலுவலர்கள் தரவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

*

இனி எண்கள் சிறிதாக இருக்கும்போது வரும் தொல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் தவறுகள் இங்கேதான் நடக்கும்.

5,000 பேர் உள்ள ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் ஒரு வாரத்தில் 5 பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கொள்வோம். பத்தாயிரத்துக்கு 10. பக்கத்தில் 400 பேர் உள்ள ஒரு குடியிருப்பில் ஒரே ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. பத்தாயிரத்துக்கு 25. வரைபடத்தில் சின்னக் குடியிருப்பு இரண்டரை மடங்கு சிவப்பு. அடுத்த வாரம் அங்கே யாருக்கும் இல்லை என்றால் அது வெள்ளை வெளேரென்று மாநிலத்தின் சிறந்த ஊராகிவிடும். மாவட்டத்தில் மிக மோசமான பத்து ஊர்கள், மிக நல்ல பத்து ஊர்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும், இரண்டிலும் சின்ன ஊர்களே வந்து நிற்கும். அவற்றின் தண்ணீரோ சுகாதாரமோ காரணமில்லை. தற்செயலுக்கு ஆடும் இடம் அங்கே அதிகம்.

புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரின் எண்ணை அப்படியே நம்பாமல், சுற்றியுள்ள ஊர்களின் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுவது. மக்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு பலமாக இழுப்பது. வரைபடம் அமைதியாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் உண்மையிலேயே ஒரு சின்னக் குடியிருப்பின் தண்ணீர் மட்டும் கெட்டிருந்தால், அதையும் சேர்த்து அமைதியாக்கிவிடும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி மக்கள் வாழும் சிறு குடியிருப்பு. குழந்தைகளுக்கு அடுத்தடுத்து காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. மருத்துவமனையில் குடிதண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். ஊர்க்காரர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அதில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நாடே கொதித்தது. பொது சுகாதாரத்தின் கண்ணில் பார்த்தால், ஒரு தொட்டித் தண்ணீர் குடித்த சில வீடுகளில் மட்டும் வந்த நோய் அது. ஊராட்சி அளவில் கூட்டிச் சராசரி எடுக்கும் எந்த வரைபடத்திலும் அது ஒரு மங்கலான நிறமாற்றம்கூட ஆகியிருக்காது. சுற்றுவட்டாரத்தை நோக்கி இழுக்கும் நிரல் அதை முற்றிலும் அழித்திருக்கும். கண்டுபிடித்தது, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன அந்த ஒரு வார்த்தை.

நம் கிராமங்களில் ஊரும் காலனியும் தனித்தனி. பல இடங்களில் தொட்டியும் குழாயும் தனித்தனி. கிராமம் என்பதை ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும் வரைபடம், அந்தப் பிரிவினையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. இழப்பு எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வரைபடத்தின் அலகு எது என்ற கேள்வியைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

நேரெதிராக, பெரிய பரப்பை ஒட்டுமொத்தமாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய நோய்களும் இருக்கின்றன. யானைக்கால் நோய் அப்படிப்பட்டது. அதன் நுண்புழுக்கள் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். ஆகவே ஊர் ஊராகப் போய் இராத்திரியில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். தூங்கப் போகும் மக்களை எழுப்பிச் செய்யும் வேலை. புதுச்சேரியில் உள்ள நோய் பரப்பும் உயிரிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் எஸ். சபேசனும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழியைத் தேடினார்கள். நிலத்தின் உயரம், வெப்பம், மழை, காற்றின் ஈரப்பதம், மண்ணின் வகை ஆகியவற்றைத் தமிழ்நாடு முழுவதற்கும் புவித் தகவல் முறையில் அடுக்கி, நோய் பரவும் வாய்ப்பைக் காட்டும் ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். 2006-இல் அந்த ஆய்வு வெளியானது. எந்தப் பகுதியில் இரவு ரத்தப் பரிசோதனைக்குப் போவது பயனுள்ளது, எங்கே போக வேண்டியதில்லை என்பதை அப்படிப்பட்ட வரைபடம் சொல்லும். கியூலெக்ஸ் கொசுவின் வாழ்வு தட்பவெப்பத்தோடு பிணைந்தது. அது ஒரு வாரத்தில் மாறிவிடாது. எனவே வரைபடத்தின் சொல் நிற்கிறது. மனிதர் போட்ட பூட்டும் குழாயும் நோயின் எல்லையைத் தீர்மானிக்கும் இடத்தில் அதே முறை நிற்காது.

*

கடைசியாகத் தரவு பிறக்கும் இடத்துக்குப் போவோம். கிராம சுகாதார செவிலியரின் ஒரு நாளில் தாய்மார் கணக்கு, தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் கணக்கு எல்லாம் உண்டு. பகலில் வீடு வீடாகப் போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து மாலையில் மொத்தமாக ஏற்றுவார். அந்த நேரத்து இருப்பிடத்தைக் கருவி பிடித்துக்கொண்டால், நாலு ஊர்க் காய்ச்சலும் ஒரே கட்டடத்தின் மேல் குவியும். வரைபடம் அங்கே பெரிய கொள்ளைநோய் என்று அலறும். இன்னொரு வாரம் அவர் தடுப்பூசி முகாமில் இருந்தார், எதையும் ஏற்றவில்லை என்றால், அந்த நாலு ஊரும் நோயற்ற ஊர்களாகும். பூஜ்யத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடம் தனி நிறத்தில் காட்ட வேண்டும். சாம்பல் நிறம் போதும். தேடினோம், நோய் இல்லை என்பது வேறு. யாரும் தேடவில்லை என்பது வேறு.

தனிநபர் மானமும் இதில் இருக்கிறது. நாற்பது வீடுகள் உள்ள தெருவில் காசநோய்க்கு ஒரு புள்ளி வைத்தால், அது யார் என்று ஊருக்கே தெரியும். 2020-இல் தொற்றாளர் வீட்டுக் கதவுகளில் ஒட்டிய அறிவிப்புகள் என்ன செய்தன என்பதை நாம் பார்த்தோம். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் புள்ளி கூடாது, பரப்பு போதும். புள்ளி தெரிய வேண்டியது அந்தத் தெருவுக்குப் போகிறவருக்கு.

அந்தத் தெருவுக்குப் போகிறவருக்கு இன்று அந்த வரைபடம் எவ்வளவு கிடைக்கிறது? தரவு ஏறும் பாதையைச் செதுக்குவதில் காட்டிய அக்கறையில் பாதியை அது இறங்கும் பாதைக்கும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. வேலூரில் மாத மடல் செய்த வேலையை இன்று அலைபேசித் திரை செய்யலாம். திங்கட்கிழமை காலை தா.பழூர் வட்டாரச் செவிலியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியின் வரைபடமும், சுற்றியுள்ள பகுதிகளோடு ஒப்பீடும், அக்கரை ஊர்களின் நிலையும் வந்து சேரட்டும். அதில் ஒரு புள்ளி தவறான இடத்தில் இருந்தால் அதை நகர்த்தும் உரிமை அவருக்கு இருக்கட்டும். தவறை முதலில் பார்க்கக்கூடியவர் அவர்தான்.

பதிவில் ஒரே ஒரு கட்டத்தைக் கூட்டச் சொன்னால் நான் கேட்பது தண்ணீர்த் தொட்டியின் எண். ஒவ்வொரு ஊராட்சியிலும் எத்தனை தொட்டிகள், எது எந்தத் தெருவுக்கு என்பது டேங்க் ஆபரேட்டருக்கு மனப்பாடம். அவரையும் செவிலியரையும் ஒரு மதியம் சேர்ந்து உட்கார வைத்தால் ஒரு துணை சுகாதார நிலையப் பகுதி முழுவதற்கும் வீடு, தொட்டி இணைப்பை எழுதி முடித்துவிடலாம். பிறகு நிரல் ஊர்வாரியாகத் தேடுவதோடு தொட்டிவாரியாகவும் தேடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுமுன், அக்டோபர் முதல் வாரத்துக்குள் இதைச் செய்து முடிக்க ஆறு ஒன்றியங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.